இரண்டாம் பத்தியில் ஒரு தேதி

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்:

அக்கா, மடிக்கணினியோடு. தெருவில் பாதிப் பேருக்கு வேலை விண்ணப்பம் செய்து கொடுத்தவள்.

அக்காவின் புருஷன். குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். இந்த வீட்டுக்குள்ளும் அவர் சூப்பர்வைசர்தான்.

அப்பா. கோர்ட்டில் முப்பது வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எந்தத் தாளைக் கண்டாலும் முதலில் ஓரத்தை அளப்பார்.

அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ராத்திரி டூட்டி முடித்து வந்தவள், உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று சுவரில் சாய்ந்து நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிரிண்டர். அக்கா வீட்டிலிருந்து துணி சுற்றித் தூக்கி வந்தது.

கடைசியாக, இந்தக் கூட்டமே யாருக்காகவோ அவன். வீட்டின் கடைக்குட்டி, இருபத்தாறு வயது. ராத்திரி வேலைக்குப் போன நாட்களில் அக்கா பிள்ளைகள் 'ஆந்தை மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலை போய்விட்டது, பேர் போகவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் சூப்பர்வைசரின் கிடங்கில் ஷிஃப்டைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவன் ஆந்தை. ஏன் என்று கேட்டவர்களிடம் "உடம்பு ஒத்துக்கல" என்றான். அப்பா நம்பினார், நம்புவது சுலபம் என்பதால். அக்கா நம்பவில்லை, ஆனால் தோண்டவுமில்லை. சூப்பர்வைசருக்குக் காரணம் தெரியும். தெரியும் என்பது ஆந்தைக்கும் தெரியும். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வாரத்தில் பாதி நாள் சாப்பாடு இங்கேதான். மூன்று வாரமாக இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்காமல் ஒரே மேசையில் சாப்பிட்டு எழுந்தார்கள்.

சென்ற வாரம் அம்மா பேப்பரை வாசித்துக் காட்டியதும் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனது நினைவிருக்கும். தையல் ஆலை கேன்டீனில் கோழிக்கறி சாப்பிட்டு இருபத்தாறு பேர் ஆஸ்பத்திரியில் விழுந்த விவகாரம் அது. இரண்டு மாதம் கழித்து ஆய்வு முடிவு வந்திருந்தது. கெட்டுப்போன கறி அதே கிடங்கிலிருந்து, அந்த மாதம் ஒன்பதாம் தேதி ஏற்றிய பெட்டிகளில் போனது. அட்டையில் இருந்த தேதி புதுசு. உள்ளே இருந்த கறி பழசு.

திங்கட்கிழமை கிடங்கின் தலைமை அலுவலகத்தில் விசாரணை.

அதே தலைமை அலுவலகம்தான் இப்போது பகல் வேலைக்கு ஆள் தேடுகிறது. தரக்கட்டுப்பாட்டு உதவியாளர். விளம்பரத்தைக் கையோடு கொண்டுவந்ததே சூப்பர்வைசர்தான். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

"ஒரே பக்கம். மூணு பத்தி," என்றாள் அக்கா. "மேல பேரு பெருசா. பக்கத்துல குட்டியா ஒரு ஃபோன் படம், ஒரு கவர் படம். இடது பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் இந்த நீலக் கோடு. பாக்கறவங்க கண்ணு அங்கேதான் முதல்ல போகும்."

"இடது ஓரம் ஒன்றரை இஞ்ச் விடு," என்றார் அப்பா. "ஃபைல்ல போட பஞ்ச் பண்ணுவான். எழுத்துல ஓட்டை விழும்."

"இப்ப யாருப்பா பஞ்ச் பண்றாங்க? எல்லாம் கம்ப்யூட்டர்ல பாப்பாங்க."

"கம்ப்யூட்டர்ல பாக்கறவனுக்கு ஃபைல் இருக்காதா? கடைசில 'கீழ்ப்படிதலுள்ள'ன்னு போட்டியா?"

"கீழ்ப்படிதலா? இவன் பாதி ராத்திரில ஓடி வந்தவன்பா."

சூப்பர்வைசர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆந்தை திரையைப் பார்த்தான். முதல் பத்தி வளர்ந்துகொண்டிருந்தது. 'இளமையும் உற்சாகமும் கற்றுக்கொள்ளும் ஆர்வமும் நிறைந்த நான்...'

"யாருக்கா அது?"

"நீதான்டா."

"மூணு வாரமா கட்டிலை விட்டு எந்திரிக்கல."

"அது லெட்டர்ல தெரியாது."

அக்காவின் கைவரிசை அதுதான். எதிர்வீட்டு டிரைவர் ஒரே வருடத்தில் நாலு வண்டியை இடித்தவன். அக்காவின் கடிதத்தில் அவன் 'சவாலான சாலைச் சூழல்களில் அனுபவம் பெற்றவன்' ஆனான். எந்த வேலையிலும் ஆறு மாதம் தாங்காத மாடி வீட்டுப் பெண் 'பலதுறைத் திறன்' பெற்றாள். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அதனால் அக்கா சொன்னால் தெருவே கேட்கும். பொய் என்று அவள் எதையும் எழுதுவதில்லை. அழுக்குத் தரையில் நல்ல பாயாகப் பார்த்து விரிப்பாள், அவ்வளவுதான்.

"இரண்டாவது பத்திதான் உயிர்," என்றாள். "நீ போன வேலைல என்ன சாதிச்சேன்னு இங்க வரணும். அதுல ஒரு நம்பர் இருக்கணும். நம்பர் இல்லாத சாதனையை எவனும் நம்ப மாட்டான்."

"நம்பர் நான் தரேன்," என்றார் சூப்பர்வைசர்.

அவர் கையில் ஜாம் பாட்டில் இருந்தது. பேசிக்கொண்டே கட்டைவிரல் நகத்தை லேபிளின் மூலையில் கொடுத்து நெம்பினார். மூலை எழும்பியது. மெதுவாக, சீராக, கொஞ்சம்கூட வேகம் மாறாமல் இழுத்தார். லேபிள் ஒரு கிழிசல் இல்லாமல் முழுசாகக் கையோடு வந்தது. அதை மேசைமேல் ஒட்டி, மறுபடி உரித்தார். அவருக்கே தெரியாமல் செய்கிற பழக்கம்.

ஆந்தைக்கு வாயில் எச்சில் ஊறியது. பசியில் ஊறுவது இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுவது.

"எழுதிக்க," என்றார் சூப்பர்வைசர். "அந்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து, இரவு ஷிஃப்ட் லேபிள் மேசையை என் சொந்தப் பொறுப்பில் ஏற்று நடத்தினேன். என் முயற்சியால், காலாவதிக் கழிவு மாதம் நூத்தி நாப்பது பெட்டியிலிருந்து பதினொண்ணா குறைஞ்சுது."

"ஐயோ, சூப்பர்!" அக்கா தட்டினாள். "நூத்தி நாப்பதுலேர்ந்து பதினொண்ணு. பாத்தியாப்பா, இதுக்குப் பேருதான் நம்பர்."

"நம்ம பையனா இதெல்லாம் பண்ணான்?" என்றார் அப்பா. குரலில் உண்மையாகவே பெருமை இருந்தது. மகனைப் பற்றி அவர் பெருமைப்பட்டு வருடக்கணக்காயிற்று.

"மச்சான் கை சுத்தம் மாமா," என்றார் சூப்பர்வைசர். "அவனை மாதிரி லேபிள் எடுக்க அங்க ஆளில்ல."

ஆந்தை எழுந்து குளியலறைக்குப் போனான்.

குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினான். மூன்று வாரமாகக் கழுவுகிறான். பசை கரைக்கிற தின்னர் வாடை போய்விட்டது என்று மூக்கு சொல்கிறது, போகவில்லை என்று தொண்டை சொல்கிறது.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. தேதி முடிந்த பெட்டி வரும். ஹீட் கன்னை எட்டு விநாடி காட்டினால் பசை இளகும். மூலையில் நகம் கொடுத்து உரிக்க வேண்டும். மிச்சப் பசையைத் தின்னர் துணியால் துடைக்க வேண்டும். புது லேபிள் ஒட்ட வேண்டும். சூட்டில் உள்ளே உறைந்திருந்த கறியின் மேல்தோல் லேசாக இளகும். அப்போது ஒரு வாடை வரும். ஈரத் துணியை மூடி வைத்து மூன்றாம் நாள் திறந்தால் வருமே, அதோடு கொஞ்சம் இனிப்பு. அந்த இனிப்புதான் தாங்க முடியாதது. முகமூடி கேட்டதற்கு, "பழகிடும் மச்சான்" என்றார் சூப்பர்வைசர். பழகிவிட்டது. அவனுக்கு அருவருப்பே அங்கேதான். வாடை போன இடம் தெரியாமல், அந்த மேசையிலேயே ரொட்டியைப் பிரித்துத் தின்றிருக்கிறான்.

முப்பத்து நான்கு ராத்திரி செய்தான். முப்பத்தைந்தாம் ராத்திரி ஒரு லேபிளை உரித்தால் அடியில் இன்னொரு லேபிள். அதை உரித்தால் அடியில் மூன்றாவது. ஹீட் கன்னை அணைத்து வைத்துவிட்டு வெளியே நடந்தான். வீரம் ஒன்றுமில்லை. குமட்டியது, நடந்தான். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

காலாவதிக் கழிவு நூற்று நாற்பதிலிருந்து பதினொன்று ஆனது இப்படித்தான். கழிவு குறையவில்லை. கழிவுக்குப் புதுத் தேதி கிடைத்தது.

அவன் திரும்பி வந்தபோது பிரிண்டர் முதல் தாளைத் துப்பியிருந்தது. சூப்பர்வைசர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"பேப்பர் ரொம்ப மெலிசு. கக்கூஸ் பேப்பர் மாதிரி இருக்கு. நான் போய் தடிச்சதா நாலு ஷீட்டும் ஒரு நல்ல கவரும் வாங்கிட்டு வரேன். மச்சான் கையெழுத்துப் போட்டதும் ஒரிஜினலை நானே ஆபீஸ்ல கொண்டுபோய் கொடுத்துடறேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார் அப்பா.

"குடும்பத்துக்குள்ள என்ன மாமா சிரமம்?" வாசலில் போய் நின்றார். "அத்தே, கதவைத் திறங்க."

போன வருடம் யாரோ கதவை நெம்பிப் பார்த்ததிலிருந்து அந்தக் கதவுக்குப் புதுப் பூட்டு. உள்ளேயிருந்து போகவும் சாவி வேண்டும். ஒரே சாவி, அது அம்மாவின் இடுப்பில், வார்டில் தன் லாக்கர் சாவி தொங்குகிற அதே நாடாவில்.

"வெளிய போகணும்னா உங்க அம்மாகிட்ட லீவு லெட்டர் கொடுக்கணும் போல," என்றார் சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்து. "அதையும் நீயே டிசைன் பண்ணிக் கொடு."

அம்மா சிரிக்கவில்லை. திறந்துவிட்டாள். பூட்டினாள். குளியலறையில் ஊறிக்கொண்டிருந்த தன் யூனிஃபார்மை அலசப் போனாள்.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். கோர்ட்டில் ஒத்துப் பார்க்கிற பழக்கம். எதையும் வாய்விட்டுத்தான் வாசிப்பார், நிறுத்தக்குறியையும் சேர்த்து.

"'அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கமா இரவு ஷிஃப்ட் லேபிள் மேசையை என் சொந்தப் பொறுப்பில்...'" நிறுத்தினார். மறுபடி அதே வரியை, இந்த முறை சத்தமில்லாமல் வாசித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"தேதி எதுக்கும்மா?"

"என்னப்பா?"

"வேலை கேக்கற லெட்டர்ல மாசம் போதுமே. ஒண்ணாம் தேதின்னு எதுக்கு?"

"அவர் போடச் சொன்னார்," என்றாள் அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீலக் கோட்டை ஒரு மயிரிழை இடதுபக்கம் நகர்த்தினாள். பிறகு ஒரு மயிரிழை வலதுபக்கம்.

அப்பா தாளோடு எழுந்தார். "நீ இங்க வா," என்று மகனைப் பின்பக்கப் பால்கனிக்குக் கூட்டிப்போனார்.

துணிக்கொடியில் போர்வை காய்ந்தது. இரண்டு பேர் நிற்க இடமில்லாத பால்கனி. அப்பாவின் மூச்சு அவன் கழுத்தில் பட்டது.

"நீ வேலைக்குச் சேர்ந்தது என்னைக்கு?"

"அந்த மாசம் பதினெட்டாம் தேதி."

"நிச்சயமா?"

"அம்மா பல்லு புடுங்கிட்டு வந்த மறுநாள். நீங்கதான பஸ் ஏத்தி விட்டீங்க."

"சேர்ந்ததுக்குக் காகிதம் ஏதாவது கொடுத்தாங்களா?"

"ராத்திரி ஆளுங்களுக்குக் காகிதம் ஏது? அத்தானோட நோட்டுல பேரை எழுதுவாரு. அவ்வளவுதான்."

அப்பா தாளைப் பார்த்தார். "கெட்டுப்போன பெட்டி போனது ஒன்பதாம் தேதி. நீ பதினெட்டு. லெட்டர்ல ஒண்ணு." விரல்விட்டுச் சொன்னார். "அந்த மேசைல என்னடா வேலை?"

ஆந்தை சொன்னான். ஹீட் கன், நகம், தின்னர், இனிப்பு வாடை எல்லாவற்றையும். மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றது நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொல்லி முடித்ததும் லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை.

"முப்பது வருஷம் டைப் அடிச்சிருக்கேன்," என்றார் அப்பா. "எவனோ சொல்லச் சொல்ல அடிக்கற பொழப்பு. ஆனா எது என்னன்னு எனக்குத் தெரியும். தேதி, இடம், சொந்தப் பொறுப்பு, கீழ கையெழுத்து. இது விண்ணப்பம் இல்லடா. வாக்குமூலம்."

 ஆந்தை கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்பா புரிந்துகொண்டுவிட்டார். இனி அவர் உள்ளே போவார், தாளைக் கிழிப்பார், மாப்பிள்ளை வந்ததும் நாலு வார்த்தை கேட்பார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவனுக்கு அப்பாவைப் பிடித்திருந்தது.

அப்பா தாளை நாலாக மடித்தார்.

"கையெழுத்துப் போட்டுடு," என்றார்.

"என்னது?"

"சத்தம் போடாத. நீ ஒண்டிக்கட்டை. உனக்கு என்ன போகப் போகுது? திட்டுவாங்க, மிஞ்சிப்போனா ஒரு கேஸு. சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க. அவரு உள்ள போனா உங்க அக்கா ரெண்டு புள்ளைங்களோட இந்த வீட்டு வாசல்ல வந்து நிப்பா. அதுங்க ஸ்கூல்ல என்னன்னு சொல்லும்?"

"இருபத்தாறு பேருப்பா."

"அதுங்க நம்ம வீட்டு ஆளுங்களா?"

அப்பாவின் சட்டைக் காலரில் காலையில் தின்ற முட்டையின் மஞ்சள் ஒரு துளி காய்ந்திருந்தது. ஆந்தை அதையே பார்த்தான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மூன்றாவது லேபிளை உரித்தபோது வந்த அதே இனிப்பு வாடை வந்தது. இங்கே கறி எதுவும் இல்லை. ஈரத் துணியும் அப்பாவும்தான்.

"ஒன்பதாம் தேதிப் பெட்டியா?"

பின்னால் அம்மா நின்றாள், பிழிந்த யூனிஃபார்மைத் தோளில் போட்டுக்கொண்டு. எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

"கேன்டீன் ஆளுங்களுக்குப் போனது, மாப்பிள்ளை நடத்தற அந்த மேசைலேர்ந்தா?" என்று மறுபடி கேட்டாள்.

"நீ உள்ள போ," என்றார் அப்பா. "இது எழுத்துப் படிச்சவங்க விவகாரம்."

"இருபத்தாறு பேரும் என் வார்டுலதான் கெடந்தாங்க. பேஸின் பத்தாம பக்கெட் வெச்சோம்." அம்மா யூனிஃபார்மை உதறிக் கொடியில் போட்டாள், கிளிப் மாட்டினாள். "ஒரு பொண்ணு இன்னும் வாரத்துக்கு மூணு நாள் வருது. கிட்னி போயிடுச்சு. மெஷின்ல நாலு மணி நேரம் படுத்திருக்கும். என்னைப் பாத்தா, 'ஆயா, பேஸின் வேணாம், இப்ப நான் சமத்து'ன்னு சொல்லும்."

 ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வாசல்மணி அடித்தது. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் தடித்த பேப்பரோடு வந்துவிட்டார்.

கடிதம் தடித்த தாளில் மறுபடி வந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. நீலக் கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது. மூன்று பத்திகளும் அளந்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தன. கீழே கையெழுத்துக்கு அளவாக ஒரு வெற்றிடம். சூப்பர்வைசர் பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் உருட்டினார்.

"போடு மச்சான். மணி பதினொண்ணே முக்கால்."

ஆந்தை பேனாவை எடுத்தான். "அக்கா," என்றான். "நான் பதினெட்டாம் தேதி சேர்ந்தேன்னு உனக்குத் தெரியும்."

"முழு மாசமா இருந்தா பாக்க நல்லா இருக்கும்டா."

"பாக்க நல்லா இருக்கணும்னுதான் ஒண்ணாம் தேதியா?"

 அவள் காதுமடல் சிவந்தது. சின்ன வயதில் பொய் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் சிவக்கும். அவளுக்கும் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே குட்டி ஃபோன் படம் வைத்தாள்.

அவன் தாளை இரண்டாகக் கிழித்தான். தடித்த பேப்பர், சுலபத்தில் கிழியவில்லை. இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

"டேய்!" என்றார் அப்பா.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. ஜாம் பாட்டிலை எடுத்து, உரித்த லேபிளைப் பழைய இடத்திலேயே ஒட்டி, கட்டைவிரலால் நீவினார். எடுத்த தடமே தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிடு," என்றார்.

"கிழிச்சா கிழிச்சுக்கடா," என்றாள் அக்கா மெதுவாக. "நான் உன் மெயில்லேர்ந்து காலைலயே அனுப்பிட்டேன்."

"என்ன அனுப்பின?"

"இதான். நேத்தே ரெடி பண்ணிட்டோம். இப்ப இங்க போட்டது... வீட்ல எல்லாரும் சேர்ந்து பண்ண மாதிரி இருக்கட்டும்னு."

"கையெழுத்து?"

"போன வருஷம் லைசென்ஸுக்குப் போட்டியே, அந்த ஃபாரத்துலேர்ந்து எடுத்தேன்."

சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தான். காலையிலிருந்து பார்க்கவேயில்லை. எட்டு நாற்பதுக்கு ஒரு மெயில். 'தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. ஆர்வத்துக்கு நன்றி.' அதற்கு மேலே அவன் அனுப்பியதாக அந்தக் கடிதம். திறந்தான். கீழே அவன் கையெழுத்து. ஃபாரத்தின் கட்டம், கோடு, கறை எல்லாவற்றையும் நீக்கி, மையை மட்டும் நீலமாக நிறுத்தியிருந்தாள். லேசாக மேல்நோக்கிச் சாய்த்துமிருந்தாள். அது தன்னம்பிக்கையைக் காட்டும் என்று தெருவில் எல்லாருக்கும் சொல்வாள். அவன் போட்டதைவிட நன்றாக இருந்தது.

உரித்து எடுத்து, துடைத்து, வேறொன்றின்மேல் ஒட்டியிருக்கிறாள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே தொழில்.

"எனக்கு வேற வழி தெரியலடா," என்றாள் அக்கா. இப்போது அழுதாள். "நீ ஏற்கனவே வேலையை விட்டவன். உன்கிட்டேர்ந்து அவங்க என்னத்தைப் புடுங்க முடியும்?"

அழுகிற முகத்தைப் பார்த்து இரக்கம் வருகிறதா என்று ஆந்தை தனக்குள் தேடினான். குமட்டல்தான் இருந்தது.

அப்பா நாலாக மடித்த மெல்லிய தாள் மேசையில் கிடந்தது. அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டான். பின்பக்கம் காலி. சூப்பர்வைசரின் பேனாவாலேயே எழுதினான். கோடில்லை, படமில்லை, ஓரம்கூட விடவில்லை.

'நான் சேர்ந்தது பதினெட்டாம் தேதி. காலையில் என் பெயரில் வந்த கடிதத்தை நான் அனுப்பவில்லை. கையெழுத்து நான் போட்டதில்லை. ஒன்பதாம் தேதிப் பெட்டியில் என் கை படவில்லை. அதற்குப் பிறகு முப்பத்து நான்கு ராத்திரி பட்டிருக்கிறது. பழைய தேதியை எடுத்துப் புதுத் தேதி ஒட்டினேன். அது தப்பென்று தெரிந்தே செய்தேன். செய்யச் சொன்னவர் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஆட்கள் சேர்ந்த தேதி அவர் நோட்டில் இருக்கும். நேரில் கேட்டாலும் இதையே சொல்வேன்.'

கையெழுத்துப் போட்டான். கீழ்நோக்கிச் சாய்ந்தது.

அப்பா தோளுக்குமேல் எட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பழக்கம். கடைசி வரி வந்ததும், "உன் தலைலயும் நீயே மண்ணைப் போட்டுக்கறியேடா," என்றார்.

"ஆமா."

மணி பன்னிரண்டு பத்து. தலைமை அலுவலகம் பஸ்ஸில் முப்பது நிமிடம். ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். திங்கட்கிழமை காலை முதலில் மேசைக்கு வருவது எந்தக் கடிதமோ, அதுதான் நிற்கும். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"இரு மச்சான்." சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். குரலில் அதே நிதானம். "நானும் வரேன். இந்த வெயில்ல எதுக்கு பஸ்ஸு? வண்டில போலாம். வழில பேசிக்கலாம்."

"வேணாம்."

"அட, வாய்யா. குடும்பத்துக்குள்ள என்ன?" ஷூ வைத்திருந்த இடத்தில் குனிந்தார். "மாமா, வண்டிச் சாவியை எடுங்க. அந்த மேசைமேல பாருங்க."

அப்பா எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

கதவருகே அம்மா நின்றாள். டூட்டியிலிருந்து வந்து நாலு மணி நேரமாகியும் அவள் இன்னும் உட்காரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. நாடாவை இழுத்து, சாவியைப் போட்டு, கதவைத் திறந்தாள். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைப் பார்த்தாள்.

"செருப்பு போட்டுட்டுப் போ," என்றாள். "ஆபீஸுக்குப் போற."

அவன் செருப்பை மாட்டினான். பின்னால் சூப்பர்வைசர் ஒரு ஷூவுக்குள் காலை நுழைத்து, லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். லேஸ் கட்டவும் அவருக்கு அவசரம் கிடையாது. ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. அடுத்த ஷூவை எடுத்தார்.

ஆந்தை படிக்கட்டுக்கு வந்தான். மூன்று படி இறங்குவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை, வார்டில் நோயாளி தூங்கும்போது சாத்துவார்களே, அப்படி.

தன்னைத்தான் வெளியே தள்ளிச் சாத்துகிறாள் என்று நினைத்தான். நின்றான்.

"அத்தே," என்றது உள்ளிருந்து சூப்பர்வைசரின் குரல். "நானும் போகணும். திறங்க."

உள்ளே ஷூ தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"அத்தே, சாவி."

பூட்டுக்குள் சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, நிதானமாக, இன்னொரு சுற்று.